மாசம் 25,000 ரூவாய்ல மதுரையில குடும்பம் நடத்துறது எப்படி: வரவு செலவு முழு வழிகாட்டி

சிக்கனமா இருக்கணும்னு முடிவெடுத்தா நம்ம ஆளுங்க மொதல்ல கை வைக்கிறது சாயங்கால வடையிலயும் தலைக்கு வைக்கிற பூவுலயும்தான். வடையை நிறுத்தி மாசம் முன்னூறு மிச்சம் புடிப்பாங்க, அப்புறம் வைகாசி முகூர்த்தத்துல வரிசையா அஞ்சு பத்திரிகை வந்தா ஆறாயிரம் கைமாத்து வாங்குவாங்க, அதுக்கு வட்டி கட்டவே அந்த வடைக்காசு பத்தாது. அதனால இந்த வழிகாட்டில காய்கறி, பலசரக்கு எல்லாம் பின்னாடிதான் வரும். முன்னாடி வர்றது வருஷத்துக்கு ஒரு தடவை வந்து அடிக்கிற செலவு, அதுக்கடுத்து வட்டி. இந்த ரெண்டையும் கட்டுக்குள்ள கொண்டு வந்தாலே பாதி வேலை முடிஞ்சது, மிச்சம் இருக்கிறதெல்லாம் பழக்கம்தான்.

கணக்குக்கு ஒரு வீட்டை எடுத்துக்குவோம். செல்லூர் பக்கம் வாடகை வீடு, புருஷன் பொஞ்சாதி ரெண்டு பிள்ளைங்க, எல்லாம் சேத்து கைக்கு வர்றது 25,000. உங்க வீட்டு நம்பர் வேற மாதிரி இருக்கும், முறை மட்டும் ஒண்ணுதான்.

மொதல் வேலை: வருஷச் செலவை ஒரே தாள்ல எழுதுங்க

சம்பளத்தைக் கையில வச்சுக்கிட்டு இந்த மாசம் என்ன செலவுன்னு யோசிக்கிறதுலதான் எல்லாருமே தடுமாறுறோம். ஜூன்ல ஸ்கூல் ஃபீஸ் வரும்னு ஜனவரியிலயே தெரியும், தீபாவளி எந்தத் தேதின்னு காலண்டர்லயே போட்டிருக்கு, இருந்தாலும் வர்றப்ப திடீர்னு வந்த மாதிரியே ஓடுவோம். ஒரு தாளை எடுத்து சித்திரையிலிருந்து பங்குனி வரைக்கும் மாசம் மாசமா எழுதிப் பாருங்க. நம்ம செல்லூர் வீட்டுக்கு இப்படி வருதுன்னு வைங்க:

ஸ்கூல் ஃபீஸ், நோட்டு, யூனிஃபார்ம், செருப்பு: 18,000
செய்முறை (விசேஷ வீடுகளுக்கு வைக்கிற மொய்): 15,000
தீபாவளி: 10,000
ஆஸ்பத்திரி, மருந்து: 6,000
வண்டி இன்சூரன்ஸ், சர்வீஸ், டயர்: 4,000
குலசாமி கோயில் வரி, சிவராத்திரிக்குப் போற செலவு: 4,000
பொங்கல்: 3,000

கூட்டினா 60,000. பன்னெண்டால வகுத்தா மாசம் 5,000. அப்ப இந்த வீட்டோட உண்மையான சம்பளம் 25,000 கெடயாது, 20,000தான். இதை ஒத்துக்கிறதுதான் கஷ்டம், ஒத்துக்கிட்டா பாதி சண்டை வீட்டுல நின்னுரும்.

அந்த 5,000த்தை சம்பளம் வந்த அன்னைக்கே வேற அக்கவுண்டுக்கு மாத்திருங்க. அந்த அக்கவுண்டுக்கு ஏடிஎம் கார்டு வேணாம், ஜிபேல சேக்கவே கூடாது. போஸ்ட் ஆபீஸ் சேமிப்புக் கணக்கு இதுக்கு நல்லா ஒத்து வரும், 500 ரூவா இருப்பு இருந்தாப் போதும், போயி ஃபாரம் எழுதி நின்னு எடுக்கணும்ங்கிறதாலயே பாதி நாள் எடுக்க மாட்டோம். நடு வருஷத்துல ஆரம்பிக்கிறவங்களுக்கு மொத வருஷம் கொஞ்சம் இடிக்கும், ஏன்னா ஜூனுக்கு ரெண்டு மாசம்தான் இருக்கும் 18,000 சேந்திருக்காது, அப்படின்னா மொத வருஷம் தீபாவளியைச் சுருக்கிக்கங்க, புதுத்துணி பிள்ளைங்களுக்கு மட்டும்னு.

செய்முறையைத் தனியா ஒரு தடவை பாத்துருவோம்

நம்ம ஊர்ப் பக்கம் பட்ஜெட்னு எழுதுறவங்க யாரும் இதைப் பத்திப் பேச மாட்டேங்கிறாங்க, ஆனா மதுரை, உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம் எந்தப் பக்கம் போனாலும் குடும்பத்தைத் தூக்கி அடிக்கிறது இதுதான். கல்யாணம், காதுகுத்து, சடங்கு, வீட்டுக்குப் பால் காய்ச்சுறதுன்னு எல்லாத்துக்கும் செய்யணும், அவங்க நமக்குச் செஞ்சதுக்கு மேல கொஞ்சம் கூட வச்சுச் செய்யணும்.

நம்ம வீட்டு விசேஷத்துல எழுதின நோட்டு பரண்ல கெடக்கும்ல, அதை எடுங்க. ஒவ்வொரு பேருக்கும் பக்கத்துல திருப்பிச் செஞ்சாச்சா இல்லையான்னு ஒரு டிக் போடுங்க. டிக் இல்லாத பேருல யார் வீட்டுல பொண்ணு பெரியவளாகுற வயசு, யார் வீட்டுல பேரப்பிள்ளைக்குக் காது குத்தாம இருக்கு, யார் வீடு கட்டிக்கிட்டிருக்கான்னு பாத்தா இந்த வருஷம் யார்கிட்ட இருந்து பத்திரிகை வரும்னு முக்கால்வாசி சொல்லிரலாம். எங்க மதினி ஒருத்தங்க அந்த நோட்டுல பென்சில்ல ‘இந்த ஆவணி’, ‘அடுத்த தை’ன்னு குறிச்சே வச்சிருப்பாங்க, ஆடியும் மார்கழியும் மட்டும் காலியா கெடக்கும், அந்த ரெண்டு மாசம்தான் மூச்சு விடுறதுக்கு. இப்ப நெறைய மண்டபத்துல லேப்டாப் வச்சு எழுதி அச்சடிச்ச சீட்டையே கையில தர்றாங்க, அந்த மை நாளாவட்டத்துல மங்கிரும், அன்னைக்கே போன்ல போட்டோ எடுத்துட்டு நோட்டுல ஏத்திருங்க.

இன்னொண்ணு, நம்ம வீட்டு விசேஷத்துல வந்த பணத்தை வரவுன்னு நெனச்சு வண்டி வாங்கிராதீங்க. அது வட்டியில்லாக் கடன், எப்ப கேப்பாங்கன்னு நமக்குத் தெரியாது, அம்புட்டுதான் வித்தியாசம். விசேஷச் செலவு போக மிச்சத்துல ஒரு பங்கை அப்படியே அந்த வருஷச் செலவு அக்கவுண்டுல போட்டு வச்சா அடுத்த ரெண்டு மூணு வருஷ செய்முறைக்குக் கை கடிக்காது. சரி, வாங்காத எடத்துக்குப் புதுசா செய்யப் போறீங்களான்னு ஒரு கேள்வி இருக்கு. வேலை பாக்குற எடத்துல, தெருவுல, ஒரு தடவை பழகினவங்களுக்கெல்லாம் 200க்கு மேல வேணாம்ங்கிறது என் கருத்து, நாம கூட வச்சா அவங்களும் நமக்குக் கூடத் திருப்பணுமேன்னு அவங்களுக்கும் அது சொமைதான்.

ரெண்டாவது வேலை: வட்டியை எல்லாம் ஒரே அளவுல எழுதிப் பாருங்க

வட்டிக்காரங்க ஒவ்வொருத்தரும் ஒரு பாஷையில சொல்லுவாங்க, பேங்க்ல வருஷத்துக்கு இத்தனை சதவீதம்பாங்க, வெளியில ரெண்டு வட்டி மூணு வட்டிம்பாங்க, தண்டல்ல தினம் நூறுதானம்மாம்பாங்க. எல்லாத்தையும் 100 ரூவாய்க்கு மாசம் எவ்வளவுன்னு மாத்துங்க. வருஷத்துக்கு 12 சதவீதம்னா ஒரு வட்டி. அப்ப ரெண்டு வட்டின்னா 24, அஞ்சு வட்டின்னா 60, பத்து வட்டின்னா 120 சதவீதம், அதாவது பத்து மாசம் வட்டி மட்டும் கட்டினாலே வாங்கின அசல் அளவுக்குக் கட்டி முடிச்சிருப்பீங்க, அசல் அப்படியே நிக்கும்.

தண்டலைத்தான் நெறையப் பேர் சாதாரணமா நெனைக்கிறாங்க. 10,000னு எழுதிட்டு கையில 8,500 குடுப்பாங்க, தினம் 100 வீதம் 100 நாள் கட்டணும். 1,500தானே, பதினஞ்சு சதவீதம்தானேன்னு தோணும். ஆனா அந்த 8,500 நம்ம கையில நூறு நாளும் இருக்கிறது இல்லையே, மறுநாள்லருந்தே திருப்பிக் குடுக்க ஆரம்பிச்சுர்றோம், அம்பதாவது நாள்ல கிட்டத்தட்ட பாதிதான் நம்ம கையில நிக்கும். அதை வச்சுக் கணக்குப் போட்டா மாசத்துக்குக் கிட்டத்தட்ட பத்து வட்டி வருது. தள்ளுவண்டி வச்சிருக்கவங்க தினம் சரக்கு எடுத்து தினம் லாபம் பாத்தா ஏதோ தாங்குவாங்க, மாசச் சம்பளக்காரங்களுக்கு இது தாங்கவே தாங்காது.

எழுதின லிஸ்ட்டுல எது ஒசந்த வட்டியோ அதை மொதல்ல அடைங்க, தொகை பெருசா சின்னதாங்கிறதப் பாக்காதீங்க. வீட்டுல கழுத்துல காதுல நகை இருந்தா அதை கூட்டுறவு பேங்க்லயோ அரசு பேங்க்லயோ அடகு வச்சு வெளி வட்டியை முடிக்கிறது பெரும்பாலும் லாபம், ஏன்னா அங்கெல்லாம் ஒரு வட்டிக்கும் கீழதான் இருக்கும், தெருமுனை அடகுக்கடையில ரெண்டு மூணு வட்டி. நகையை அடகு வைக்கிறது மானக்கேடுன்னு சொல்லிக்கிட்டே அஞ்சு வட்டிக்கு வாங்குற வீடுகளை நெறையப் பாத்திருக்கேன். ஒண்ணு மட்டும், வருஷத்துக்குள்ள வட்டியைக் கட்டி மாத்தி வைக்கணும், அந்தத் தேதியை காலண்டர்ல சிவப்பு மையில வட்டம் போடுங்க, மறந்தா ஏல நோட்டீஸ் வந்துரும். மீட்டர் வட்டி, கந்து வட்டின்னு யாராவது வீட்டு வாசல்ல வந்து மெரட்டினா தமிழ்நாட்டுல 2003லயே அதுக்குத் தனிச் சட்டம் இருக்கு, போலீஸ்லயும் கலெக்டர் ஆபீஸ் மனு நாள்லயும் எழுதிக் குடுக்கலாம்.

வாரக்குழு லோன் ஒண்ணு இருக்கும்போதே இன்னொரு குழுவுல சேந்து அதுக்கு இதைக் கட்டுறது, இதுக்கு அதைக் கட்டுறதுன்னு போனா முடிவே கெடயாது. எல்லா லோன் தவணையும் சேத்து வீட்டு மாச வருமானத்துல பாதியைத் தாண்டக் கூடாதுன்னு ரிசர்வ் பேங்க் 2022ல இந்தக் குழு லோன் குடுக்கிற மைக்ரோஃபைனான்ஸ்காரங்களுக்கு விதி போட்டிருக்கு. பாதியே ரொம்ப அதிகம், நமக்கு நாமளே கால்வாசின்னு வச்சுக்கிறது நல்லது.

மூணாவது: மிச்ச 20,000த்தைப் பிரிக்கிறது

வாடகை 6,000. கரண்டும் கேஸும் சேத்து 1,000. போன் ரீசார்ஜ், கேபிள் 700. பால் 1,500. பெட்ரோல் 1,500. பலசரக்கு 3,500. காய் 1,800. கறி மீன் முட்டை 1,200. பிள்ளைங்க ஸ்கூல் சில்லறைச் செலவு 800. இதுவரைக்கும் 18,000. மிச்சம் 2,000த்துல ஆயிரம் ஆர்டி (மாசாமாசம் கட்டுற சேமிப்பு), ஆயிரம் அவசரத்துக்கு. இதுல கடன் இருக்கிறவங்க அது தீருற வரைக்கும் ஆர்டி போடவே வேணாம், ஆறு ஏழு சதவீத வட்டிக்குப் போட்டு வச்சுக்கிட்டே அறுபது சதவீதம் வட்டி கட்டுறதுல அர்த்தமில்ல.

காய், கறி, பால், சில்லறை இந்த நாலுக்கும் மட்டும் ஒண்ணாம் தேதி ரொக்கமா எடுத்துருங்க. போன்ல ஸ்கேன் பண்ணிக் குடுக்கும்போது இருபது முப்பதுன்னு போறது மனசுல ஏறவே மாட்டேங்குது, மாசக் கடைசில ஸ்டேட்மெண்ட்டை இறக்கிப் பாருங்க, பத்துலருந்து அம்பது ரூவாய்க்குள்ள போனதை மட்டும் கூட்டுங்க, உங்களுக்கே புரியும். பழைய கல்யாணப் பத்திரிகைக் கவர் நாலு எடுத்து வாரத்துக்கு ஒண்ணா பிரிச்சு வச்சுருங்க. மாசம் முப்பது நாள், நாலு வாரம் இருபத்தெட்டுதான், அந்த மிச்ச ரெண்டு நாளுக்குத்தான் எப்பவும் இழுக்கும், அதுக்குக் கடைசிக் கவர்ல ஒரு இருநூறு கூட வைங்க.

பலசரக்குக் கடையில சிட்டை வச்சு மாசக் கடைசில குடுக்கிற பழக்கம் இருந்தா அதைக் கொஞ்சம் கொஞ்சமா விடுங்க. அண்ணாச்சி ஏமாத்துவாருன்னு சொல்லல, சிட்டை இருந்தா பிள்ளைங்களை அனுப்பி ஒரு சேமியா பாக்கெட், ஒரு பிஸ்கட்னு வந்துக்கிட்டே இருக்கும், விலையும் கேக்க மாட்டோம்.

அடுப்படிக்கு வருவோம்

ரேஷனை விடாதீங்க. அரிசி சும்மா, துவரம்பருப்பு கிலோ 30, பாமாயில் 25. அந்தப் புழுங்கரிசி சோத்துக்குப் புடிக்கலேன்னா இட்லி தோசை மாவுக்குப் போடுங்க, நல்லாவே வரும், கடை மாவு பாக்கெட்டை நிறுத்தினாலே மாசம் ஒரு நல்ல தொகை நிக்கும். வெளியில 60 ரூவாய்க்கு அரிசி வாங்குற வீட்டுல மாசம் பத்து கிலோ ரேஷன் அரிசி மாவுக்குப் போனா 600 ரூவா கணக்கு.

காய்க்கு உழவர் சந்தை. தமிழ்நாட்டுலயே மொத உழவர் சந்தை 1999 நவம்பர்ல நம்ம அண்ணா நகர்லதான் தெறந்தாங்க, இப்ப சொக்கிகுளம், பழங்காநத்தம், ஆனையூர்னு இருக்கு, வெளியூர்க்காரங்களுக்குத் திருமங்கலம், மேலூர், உசிலம்பட்டியில இருக்கு. காலையில வெள்ளனா போனா வாசல் போர்டுல அன்னைக்கு விலை எழுதியிருக்கும், அதை ஒரு போட்டோ எடுத்துக்கங்க, பிறகு தெருவுல வர்ற வண்டிக்காரர்கிட்ட வாங்குறப்பக்கூட அது உதவும். மாட்டுத்தாவணி, பரவை மார்க்கெட் மொத்தமா வாங்குறவங்களுக்கு, நாலு வீடு சேந்து ஒரு மூட்டை சின்ன வெங்காயம் எடுத்துப் பிரிச்சுக்கிட்டா லாபம், ஒரு வீட்டுக்குன்னு போனா ஆட்டோக்காசு தின்னுரும். பொம்பளைங்க டவுன் பஸ்ல டிக்கெட் இல்லாமப் போகலாம்ங்கிறதை இதுக்குப் பயன்படுத்திக்கங்க.

போறதுக்கு முன்னாடி வெஞ்சனத்தை (சோத்துக்குத் தொட்டுக்கிறதை) வாரத்துக்கு எழுதாதீங்க, எழுதிட்டுப் போனா அன்னைக்கு முருங்கைக்காய் என்ன விலையா இருந்தாலும் வாங்கிருவோம். என்ன மலிவா இருக்கோ அதை வாங்கிட்டு வந்து வீட்டுல உக்காந்து எழுதுங்க. கீரை, வாழைப்பூ, முத்தாத பூசணி மாதிரி கெட்டுப் போறது மொத மூணு நாள், கருணை, சேனை, சேம்பு கடைசி மூணு நாள்.

பலசரக்குல வருஷச் சாமானுக்கு ஒரு நேரம் இருக்கு. புதுப்புளி மாசி பங்குனியில வரும், மிளகாய் வத்தலும் அதையொட்டித்தான் வரும், அப்ப கீழமாசி வீதிக்குப் போயி புளி, வத்தல், மல்லி எடுத்து சித்திரை வெயில்ல மொட்டை மாடியில காய வச்சுருங்க. புளியில கொட்டையும் நாரும் எடுத்து கல் உப்பு போட்டுப் பானையில அமுக்கி வச்சா அடுத்த வருஷம் வரைக்கும் வரும். இதுக்கு 2,000, 3,000 ஒரே தடவையா வேணும்ங்கிறதால மொதல்ல எழுதின வருஷச் செலவுத் தாள்ல இதையும் ஒரு வரியா சேத்துக்கங்க. பருப்பை அப்படி வருஷத்துக்கு வாங்காதீங்க, வண்டு வந்து நட்டம்தான் ஆகும், ரெண்டு மாசத்துக்குப் போதும்.

எண்ணெய் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்க. ஒரே சைஸ்ல பக்கத்துல பக்கத்துல நிக்கும், ஒண்ணுல ஒரு லிட்டர் 910 கிராம்னு இருக்கும், இன்னொண்ணுல 800 கிராம்தான் இருக்கும், விலை பத்து ரூவா கம்மின்னு இதைத் தூக்கிட்டு வந்துருவோம். 910 கிராம் 150 ரூவான்னா கிலோ 165 ஆகுது, 800 கிராம் 140ன்னா கிலோ 175. இப்ப பாக்கெட்லயே ஒரு கிராமுக்கோ மில்லிக்கோ என்ன விலைன்னு சின்ன எழுத்துல போடணும்னு விதி இருக்கு, கண்ணாடி போட்டுக்கிட்டுத் தேடுங்க.

பூவைப் பத்திக் கேப்பீங்க. மல்லி மார்கழி பனியில வரத்துக் கொறைஞ்சு கிலோ ஆயிரக்கணக்குல ஏறிரும், முகூர்த்த நாள்லயும் அப்படித்தான். அந்த நாள்ல ஒரு முழம் கனகாம்பரம், மத்த நாள்ல மல்லின்னு வச்சுக்கங்க, பூவே வேணாம்னு சொல்றவங்க சொல்லட்டும்.

கரண்டும் கேஸும்

கரண்டு பில் ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா. மொத 100 யூனிட் எல்லாருக்கும் இலவசம். கவனிக்க வேண்டியது 500ங்கிற கோடு. 500க்குள்ள நின்னா 101லருந்து 200 வரைக்கும் உள்ள யூனிட்டுக்குக் கிட்டத்தட்ட பாதி ரேட்டுதான், 501 ஆனா அந்தச் சலுகை போயி அந்த நூறு யூனிட்டுக்கும் முழு ரேட்டு போட்டுருவாங்க, ஒரே ஒரு யூனிட்டுக்காக இருநூறு ரூவாய்க்கு மேல கூட வரும். அதனால ரீடிங் எடுத்த தேதியையும் நம்பரையும் மீட்டர் பொட்டி பக்கத்துல சுவத்துல எழுதி வைங்க. நாப்பத்தஞ்சாவது நாள் போயிப் பாத்து 400ஐ நெருங்குதுன்னா கடைசி ரெண்டு வாரம் ஏசி, அயர்ன், ஹீட்டர் மூணையும் அடக்கி வாசிங்க.

பழைய ஃபேன் 75 வாட் எடுக்கும், பிஎல்டிசி ஃபேன் 30 வாட் பக்கம்தான். நம்ம ஊர் வெக்கைக்கு ஃபேன் ஒரு நாளைக்கு பதினஞ்சு மணி நேரம் ஓடுது, ரெண்டு மாசத்துக்கு ஒரு ஃபேன்ல மட்டும் சுமார் 40 யூனிட் மிச்சம். எல்லாத்தையும் ஒரே நாள்ல மாத்த வேணாம், ஹால் ஃபேன் காயில் போறப்ப ரீவைண்டிங் பண்ணாம அதை மாத்துங்க.

சிலிண்டர் மாட்டின தேதியை சாக்பீஸ்ல எழுதுங்க. பருப்பு, சுண்டல் ஊற வைக்காம அடுப்புல ஏத்தாதீங்க, குக்கர் மொத விசில் வந்ததும் சிம்ல வைங்க. வேற ஒண்ணும் பெருசா இல்ல.

மருந்துச் செலவு

வீட்டுல பெரியவங்க இருந்து சுகர், பிரஷர் மாத்திரை தினம் போகுதுன்னா மக்கள் மருந்தகத்துலயோ முதல்வர் மருந்தகத்துலயோ அதே மருந்து வேற பேர்ல கெடைக்கும், சீட்டுல மருந்தோட மூலப்பேரை எழுதித் தரச் சொல்லி டாக்டர்கிட்ட கேளுங்க, மாச பில் பாதிக்கும் கீழ எறங்கும். ஆரம்ப சுகாதார நிலையத்துலயும் ராஜாஜி ஆஸ்பத்திரியிலயும் காசே இல்லாம கெடைக்கும், வரிசையில நிக்கத் தெம்பு இருந்தா. வருஷ வருமானம் 1,20,000க்குள்ள இருந்தா முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வாங்கி வைங்க, குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரைக்கும். நம்ம 25,000 வீட்டுக்கு அது கெடைக்காது, ஆனா ஊர்ல இருக்கிற அப்பா அம்மாவுக்குத் தனி ரேஷன் கார்டு இருந்தா அவங்களுக்குக் கெடைக்கும், அதை எடுத்து வச்சா அவங்க ஆஸ்பத்திரிச் செலவு உங்க தலையில முழுசா விழாது.

சேத்ததை எங்க போடுறது

மொதல்ல ஒரு மாச வீட்டுச் செலவு அளவுக்கு ரொக்கமா எடுக்கிற மாதிரி சேவிங்ஸ்ல நிக்கணும், அதுக்கப்புறம்தான் மத்தது. போஸ்ட் ஆபீஸ் ஆர்டி மாசம் 100லருந்து போடலாம், அஞ்சு வருஷம். பத்து வயசுக்குள்ள பொண்ணு இருந்தா செல்வமகள் கணக்கு, வருஷம் 250 கட்டினாலே கணக்கு உசுரோட இருக்கும், முடிஞ்சப்ப கூடக் கட்டிக்கலாம். மகளிர் உரிமைத்தொகை ஆயிரம் வர்ற வீடுகள்ல அதை வீட்டுச் செலவுல கலக்காம அப்படியே இதுல போட்டுருங்க, இல்லேன்னா எங்க போச்சுன்னே தெரியாது.

ஏலச்சீட்டு நம்ம ஊர்ல விடவே மாட்டாங்க, எனக்கும் அதுல பெரிய விரோதமில்ல, ஆனா பதிவு பண்ணின சீட்டான்னு கேளுங்க, 1982 சட்டப்படி ஒவ்வொரு சீட்டுக் குரூப்பும் பதிவாகியிருக்கணும், ஒப்பந்த நகல் உங்க கைக்கு வரணும். தெருவுல புடிக்கிற சீட்டுல தள்ளி எடுக்கிறவங்களுக்குத்தான் ஆபத்து அதிகம், புடிக்கிறவங்க ஓடினா முன்னாடி எடுத்தவங்க தப்பிச்சுருவாங்க. தீபாவளி பண்டும் அப்படித்தான், பட்டாசும் ஸ்வீட்டும் பாத்திரமும் தர்றாங்கன்னு போடுற காசை வருஷச் செலவு அக்கவுண்டுல போட்டா அதே பாத்திரத்தை நாமளே புடிச்ச கடையில வாங்கிக்கலாம். நகைச்சீட்டு 11 மாசம், கண்டிப்பா நகை வாங்கத்தான் போறோம்னா மட்டும் போடுங்க, பேங்க்ல 5 லட்சம் வரைக்கும் இருக்கிற காப்பீடு நகைக்கடையில போடுற பணத்துக்குக் கெடயாது.

கடைசியா ஒரு சின்ன வேலை. பேங்க்ல ரெண்டு இன்சூரன்ஸ் ஃபாரம் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போடுங்க, ஒண்ணு பிரதமர் ஜீவன் ஜோதி, வருஷம் 436, எப்படி இறந்தாலும் வீட்டுக்கு 2 லட்சம், 50 வயசுக்குள்ள சேரணும், இன்னொண்ணு பிரதமர் சுரக்ஷா, வருஷம் 20 ரூவா, விபத்துக்கு 2 லட்சம், 70 வயசு வரைக்கும். புருஷன் பொஞ்சாதி ரெண்டு பேரும் அவங்கவங்க அக்கவுண்ட்ல தனித்தனியா போடணும். மே மாசக் கடைசில ரெண்டு அக்கவுண்ட்லயும் 500 ரூவாயாவது நிக்குதான்னு பாத்துருங்க, அப்பதான் எடுப்பாங்க, காசு இல்லேன்னா பாலிசி அத்தோட நின்னுரும், யாரும் போன் பண்ணிச் சொல்ல மாட்டாங்க.